மூன்று நாற்பதுக்கு நின்றது

சனி இரவுகளில் அதை அணைக்காமலே
வீட்டைப் பூட்டுகிறேன்.
கோத்தன்பர்க்கின் நவம்பர் மழையில்
பதினோராம் எண் ட்ராம் எனக்காக நிற்கும்,
கடல்முனை வரை போய்த் திரும்ப.

மேசைமேல் மடிக்கணினி. அதற்குள் நான் எழுதிய விதி:
நூறில் அறுபது முறை இந்தச் சுரம் வரலாம்.
மூன்றாம் தட்டில் மௌனம், தோன்றினால்.
ஏழு சுற்றுக்கு ஒருமுறை கடைசிச் சுரம்
தன் இடம் விட்டு நழுவட்டும்.
விதி என்ற சொல்லை
அதன் இரண்டு பொருளிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.
எப்படி எடுத்தாலும் பூவா தலையாதான்.

காசு விழும் பக்கத்தை
மின்னழுத்தமாக்கி அனுப்புகிறது ஒரு சின்னப் பெட்டி.
சுவரோரம் மரச்சட்டத்தில் நிற்கும் சிந்தசைசர்
வாங்கிக்கொள்கிறது.
முப்பத்தொரு கம்பிகள்,
மஞ்சளும் கருப்புமாய்,
சிவப்பு ஒன்றே ஒன்று.

"நீ என்ன வாசிக்கிறாய்?"
பணிமனையில் கேட்டான் யோரன்.
வாசிப்பதில்லை, கம்பி சொருகுகிறேன்.
"அப்புறம் நீ எதற்கு?"
மின்கட்டணம் கட்ட.

எங்கள் குடியிருப்பில் யாரும் கதவைத் தட்டிச்
சண்டை போடுவதில்லை.
நிலவறையில் பொதுச் சலவை அறை இருக்கிறது,
அங்கே காகிதம் ஒட்டுவார்கள்.
வடிகட்டியில் பஞ்சை விட்டுப் போனது யார்?
புதன் மூன்று மணி என்னுடையது,
உன் காலுறைகளை எடு.
அவற்றின் நடுவே, திங்கட்கிழமை,
நீலப் பென்சிலில்:

*இரண்டாம் மாடிக்கு.
ஞாயிறு அதிகாலை மூன்று நாற்பதுக்கு
நின்றுவிட்டது. ஏன்?
— தோர்போர்க், முதல் மாடி*

ஈரத் துணியோடு நின்றேன்.
மன்னிப்பு ஒன்று எப்போதும் தயாராக இருந்தது என்னிடம்,
நாகரிகமாய், நான்கு வரியில்.
இந்தக் கேள்விக்கு அது பொருந்தவில்லை.
தோர்போர்கை நான் பார்த்ததில்லை.
அவர் சைக்கிளைத் தெரியும்,
இருக்கைமேல் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை.

மேலே வந்து பார்த்தால்
மடிக்கணினிக்கு ஒன்றும் தெரியவில்லை.
மூன்று நாற்பதில் ஒரு சுரம் அனுப்பியிருக்கிறது,
மூன்று நாற்பத்தொன்றில் இரண்டு.
எட்டு மணிக்கு நான் வந்து நிறுத்தும் வரை
அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.
சிவப்புக் கம்பிதான்.
தன் எடையிலேயே தொங்கித் தொங்கி
அரை விரல் வெளியே வந்திருந்தது.
பார்த்தால் சொருகியது போலவே இருக்கும்.
நாலு மணி இருபது நிமிடம்
இருட்டில் சுண்டிய காசு.

நானும் கேட்டதில்லை,
கேட்க நினைத்ததும் இல்லை.
ஊர் தூங்கும்போது குருட்டாம்போக்கில் நடக்கும் ஒன்று
அங்கே இருக்கிறது என்பதே
தண்டவாளத்தை விட்டு ஒரு விரற்கடையும் விலக முடியாத எனக்குப்
போதுமானதாக இருந்தது.
கீழே ஒருவர் கூரையைப் பார்த்தபடி
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

சுரங்களின் பட்டியல் கணினியில் மிச்சம் இருந்தது.
இதற்குள் ஃபில்டரின் குமிழைத் திருப்பிவிட்டிருந்தேன்,
அதே குரலில் வராது.
ஆனாலும் அடுத்த சனி இரவு
கம்பியை அழுத்திச் சொருகி, நாடாவால் ஒட்டி,
அறுந்த இடத்திலிருந்து தொடங்கும்படி
நேரம் வைத்தேன்: மூன்று நாற்பது.

அந்த நேரம் நான் கடல்முனையில் இருந்தேன்.
ட்ராமில் ஒரே பயணி,
மடியில் செல்லோப் பெட்டியோடு தூங்கினான்.
துடைப்பான் கண்ணாடியில் போய் வந்தது.
அதற்கு விதிவிலக்கே கிடையாது.

செவ்வாய் மாலை சலவை அறையில்
பஞ்சு பற்றிய புதிய புகாருக்குப் பக்கத்தில்,
அதே நீலப் பென்சில்:

*ஐந்தரைக்கு வந்த இடம் பிடிக்கவில்லை.
ஒரே கூட்டம்.*

ஐந்தரைக்கு என்ன வந்தது என்று
எனக்கு எப்படித் தெரியும்?
துணியை இயந்திரத்தில் போட்டேன்.
வடிகட்டியைச் சுத்தம் செய்தேன்.
மேலே போய், நூறில் அறுபது என்று இருந்ததை
ஐம்பத்தைந்து ஆக்கினேன்.