லிட்டருக்குப் பதினாலு

கொரடாச்சேரி பங்க்கில் டீசல்
தொண்ணூற்றிரண்டு ரூபாய் அறுபது பைசா.
கூத்தாநல்லூர் ஜியாவுதீன் மினி வேனில் வந்து இறக்குவது
எழுபத்தெட்டு அறுபது.
பைசாவைத் தொடாமல்
சரியாகப் பதினாலு குறைத்திருந்தான்,
கழித்துப் பார்க்க எனக்குச் சிரமம் கூடாது என்று.

பிரியாணிக் கடை, புரோட்டாக் கடை, கல்யாண மண்டபம்
பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை வாங்கி
நன்னிலம் பக்கம் ஒரு ஷெட்டில் காய்ச்சி வடித்ததாம்.
"கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்கக்கா."
பாட்டிலை வெயிலுக்கு உயர்த்திப் பிடித்தான்.
அதன் வழியே வெட்டாற்றுக் கரை
மஞ்சளாக, தலைகீழாகத் தெரிந்தது.

பெல்ட் போட்ட அறுவடை வண்டி என் பெயரில்.
கடனும் என் பெயரில்.
மாதம் ஐந்தாம் தேதி வங்கிக்காரர் ஒருவர்தான்
மங்கையர்க்கரசி என்று முழுசாகக் கூப்பிடுவார்.
மற்றவர்களுக்கு நான் வண்டிக்காரம்மா.

மணிக்கு ஒன்பது லிட்டர் குடிக்கிற எஞ்சின்
இதில் ஒன்பதே முக்கால் கேட்டது.
பரவாயில்லை.
அப்படியும் மணிக்கு அறுபத்தேழு ரூபாய் மிச்சம்.
இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன்,
இரண்டு முறையும் அறுபத்தேழு.

முதல் நாள் குளிக்கரையில் இறக்கினோம்.
புகையில் வடை வாசனை.
ராசிபுரத்து டிரைவர் அம்மாசி
பத்து மணிக்கே பசிக்கிறது என்றான்.
எங்கிருந்தோ மூன்று நாய்கள் வந்து
தாளில் கால் குத்தக் குத்த
வண்டிக்குப் பின்னாலேயே சுற்றின,
கடைசி வரப்பு வரைக்கும்.

தியாகேசன் வயலில் சம்பா பாதி சாய்ந்து கிடந்தது.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
அந்த அவசரத்திலும் அவர் மோந்து பார்த்தார்.
"பஜ்ஜி எண்ணெயிலதானே ஓடுது?
மணிக்கு நூறு கொறச்சுக்க."
பங்க்கில் விலை ஏறும்போதெல்லாம்
காது கேளாத மனுஷர்.

நான் பதில் சொல்வதற்குள் எஞ்சின் இருமியது.
இன்னொரு தரம். நின்றது.

இந்த எண்ணெய்க்கு ஒரு குணம்:
போகிற வழியைக் கழுவிவிடும்.
டேங்கின் அடியில் ஆறு வருஷமாய்ப் படிந்த
டீசல் கசடையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து
வடிகட்டியில் சேர்த்திருக்கிறது.
அம்மாசி கழற்றிக் காட்டினான்,
சட்டியில் ஒட்டிய களி மாதிரி.

பைக்கில் ஓடி வேறொன்று வாங்கிவந்து மாட்ட
சுளையாக ஒரு மணி நேரம்.
மழை ஒன்பது சொட்டுப் போட்டுவிட்டு
அம்மையப்பன் பக்கம் போய்விட்டது.
தியாகேசன் அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

ராத்திரி நோட்டை எடுத்தேன்.
ஓடியது நாற்பது மணி.
மிச்சம் இரண்டாயிரத்து அறுநூற்று எண்பது.
வடிகட்டி அறுநூற்று நாற்பது.
கழித்தால் இரண்டாயிரத்து நாற்பது.
நின்ற மணிக்கு வாடகை இரண்டாயிரத்து நானூறு.
முந்நூற்று அறுபது ரூபாய்
என் கையைக் கடித்திருக்கிறது.

ஆனால் டேங்க் சுத்தமாகிவிட்டதே,
இனிமேல் அடைக்காதே என்று
மறுவாரம் ஜியாவுதீனுக்குப் போன் போட்டேன்.
அவன் குரல் இறங்கியிருந்தது.
"புரோட்டாக் கடைக்காரனுக்கும் வெவரம் தெரிஞ்சுபோச்சுக்கா.
சும்மா கொடுத்தவன் இப்ப கிலோவுக்கு வெல சொல்றான்.
எண்பத்தெட்டுக்குக் கீழ கட்டாது."

எண்பத்தெட்டை ஒன்பதே முக்காலால் பெருக்கினேன்.
நோட்டை மூடினேன்.

இன்று பங்க் டீசல்.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் வரிசை
ரோடு வரை நிற்கிறது.
வண்டி புகைகிறது, பழைய கறுப்பு.
அதே மூன்று நாய்கள் வரப்பேறி வந்தன.
நின்றன.
மூக்கைத் தூக்கின.
நடுவில் நின்றது மட்டும்
என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அம்மாசி இன்று ஒரு மணி வரைக்கும்
சாப்பாடு கேட்கவில்லை.