கிச்சாப் போத்தல்கள்

பல்குத்தும் குச்சி ஒன்று போதும்,
இரண்டு செடிகளுக்குக் கல்யாணம் முடிக்க.
வெள்ளை என் வாசலில்.
கருஞ்சிவப்பு, டயர் கடை மேடம் சூ வீட்டில்.
எடுத்துக்கொள், எனக்கு எதற்கு என்றார் மலாயில்.
குச்சி நுனியில் மஞ்சள் மெழுகாய் ஒரு துணுக்கு.
பகாவ் மணிக்கூண்டு வரை மூச்சை அடக்கி
மோட்டாரை ஓட்டி வந்தேன்.

மறுநாள் பூ வாடியது. அதுதான் நல்ல செய்தி.
காம்பு தடித்துக் காயாகி
நூற்றுப் பதினான்கு நாள்.
செம்பனை மில் லேபில்
எண்ணெயின் புளிப்பை எழுதும் அதே நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எண்ணி வந்தேன்.

ஆர்க்கிட் விதைக்குக் கட்டுச்சோறு கிடையாது.
தேங்காய்க்குப் பருப்பு உண்டு, நெல்லுக்கு மாவு உண்டு,
இது வெறும் தூசி.
காட்டில் ஏதோ ஒரு பூஞ்சணம் வந்து ஊட்டிவிட்டால் பிழைக்கும்.
என் வீட்டில் அந்தப் பூஞ்சணம்
நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை.
குக்கரில் அகார், இளநீர், மசித்த பிசாங் எம்பூன்,
ஒரு சிட்டிகை அடுப்புக்கரி.
பருப்புக்கு எத்தனை விசில் என்றுதான் அதற்குத் தெரியும்,
நான் இருபது நிமிடம் வைத்தேன்.
பக்கத்து வீட்டு ருக்மாவதி சுவருக்கு அப்பாலிருந்து,
"என்னக்கா, பாயாசமா?"

மீன்தொட்டியைக் கவிழ்த்து இரண்டு ஓட்டை போட்டு
ரப்பர் கையுறை ஒட்டியிருக்கிறேன்.
காயைக் குளோராக்ஸில் குளிப்பாட்டி உள்ளே வைத்துப்
பிளந்தால், பவுடர்.
லட்சம் பேர் இருப்பார்கள்.
யாரும் யாரைப்போலவும் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே செம்பனை,
ஒரே உயரம், ஒரே இடைவெளி,
மலையேறி அந்தப் பக்கம் இறங்கும் வரை.

பதினெட்டுக் கிச்சாப் போத்தல்.
மூன்றாம் நாள் ஏழில் பஞ்சு பூத்தது.
பத்தாம் நாள் ஐந்தில் கறுப்பு.
ஒன்றைப் பூனை தள்ளியது.
தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு
எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆறாம் வாரம், மிஞ்சிய ஐந்தில்
கண்ணை இடுக்கினால் மட்டும் தெரிகிற
பச்சை ரவை.

அதற்குப் பிறகு மூன்றே முக்கால் வருடம்
சொல்ல ஒன்றுமில்லை.
தண்ணீர். நத்தை. தண்ணீர்.

நாற்பத்தொன்று பிழைத்ததில்
முதலில் பூத்தது இருபத்தாறாம் எண்.
அழகில்லை.
வெள்ளையுமில்லை, சிவப்புமில்லை,
கழுவிய மீனின் செவுள் நிறம்.
இதழ் ஓரம் கோபித்துக்கொண்டதுபோல் முறுக்கி.
மேடம் சூ வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"நாக்கு மட்டும் எங்கள் வீட்டுது."

பெயர் பதிய ஒரு படிவம் இருக்கிறது.
தாய்ச்செடி, தந்தைச்செடி,
எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது.

என் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் கட்டத்தில்
"தகவல் பெறப்படவில்லை" என்று தட்டச்சில் இருக்கும்.
பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோது
பதிவு இலாகா கவுண்டரில் ஒருவர்
அதை உரக்கப் படித்தார்.
வரிசையில் நின்றவர்கள் எல்லாரும்
அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.
அம்மா பார்க்கவில்லை.
அவள் அந்தக் கவுண்டர்க்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டும் வரை.

இந்தப் படிவத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்:
காயைச் சுமந்தது முதலில்,
மகரந்தம் தந்தது பிறகு.
இரண்டையும் எழுதினேன், மேடம் சூவின் செடியைத்
தெளிவான கையெழுத்தில்.
புதுப்பெயர் என்ற கோட்டின்மேல்
'காத்தாயி' என்று எழுதிவிட்டு
அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என் பேரையா? பூ அழகா இருக்கா?"

"இல்லம்மா."

"அப்பச் சரி" என்றாள்.