ரெண்டு பக்கமும்

கூடலூர் கோர்ட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
வருகிறவர்களிடம் கேட்க ஒரே கேள்வி:
ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?

காலையில் அதிரடிப்படைக்காரர்,
மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட
ஒரு தாளை நீட்டினார். ஐந்து முகங்கள்.
தலைக்கு இத்தனை லட்சம் என்று கீழே.
இருநூறு பிரதி, கருப்பு நல்லா ஏறட்டும் என்றார்.
ஏற்றினேன்.
ஏற ஏற
எல்லாக் கண்களும் ஒரே ஆளின் கண்களாகின.

மூன்றாவது முகம் இந்திராணி.
பதினோரு வருஷம் முன்பு பிளஸ் டூ மார்க் ஷீட்டை
இதே கண்ணாடிமேல் குப்புறப் படுக்கவைத்தவள்.
இரண்டு ரூபாய் குறைந்தது.
நாளைக்குத் தாரேன்க்கா என்று
தேவர்சோலை பஸ்ஸுக்கு ஓடினாள்.
அரசாங்கத்துக்கு அவள் எவ்வளவு பாக்கி
என்று தாளில் போட்டிருக்கிறது.
என் கணக்கு அதில் இல்லை.

பகலில் ஒரு தாய். ஜாமீன் மனு.
மகன் அபிலாஷ், வயது பத்தொன்பது.
கக்கநல்லா செக்போஸ்ட்டில் பிடித்தார்கள்,
பிஸ்கட் பாக்கெட்டுக்குள் ஒன்பது கிராம்.
ஒன்பது கிராமா, ஒரு டீக்குக்கூடக் காணாதே என்றாள்,
நிறுத்தவர்கள் ஏதோ தப்பாக நிறுத்துவிட்டதைப்போல.
அவள் கிள்ளும் பச்சைக்கொழுந்து
கிலோ பதினாறு ரூபாய்.
அந்தப் பொடியின் விலையை நான் சொல்லவில்லை.

அவளுக்குப் பின்னால்
கண்ணீர் அஞ்சலி நோட்டீஸோடு ஒருவர்.
தம்பியை ஓவேலி ரோட்டில் வெட்டிப் போட்டிருந்தார்கள்,
துப்புச் சொன்னான் என்று.
யாரைப் பற்றி? யாரிடம்?
நாங்கள் இல்லை என்று காட்டுக்காரர்கள்
துண்டுச்சீட்டு ஒட்டிவிட்டார்கள்.
பொட்டலக்காரர்கள் மாலையோடு வந்து போனார்கள்.
ஸ்டேஷனில் அப்படி ஒருவனைத்
தெரியவே தெரியாதாம்.

அப்பாவின் குடும்ப அட்டையில் இரண்டு நாட்டு முத்திரை.
கப்பலில் வந்தவர்.
நாடு ஆட்டம் காணும்போது முதலில் எது விழும் என்று
அவரிடம் நான் கேட்டதில்லை.
கொடி விழுவதில்லை. அது கோர்ட் உச்சியில்
நனைந்து தொங்குகிறது.
ஒன்பது மணி ஷட்டர் ஆறுக்கே இறங்குகிறது.
மூன்று மாநில பஸ்ஸும்
இருட்டினால் நிற்காமல் போகிறது.
'நாளைக்கு' என்று யாராவது சொன்னால்
என் கை தானாகக் கல்லாவை மூடுகிறது.

மெஷினில் டிரம் பழசு.
முன்பு எடுத்தது அடுத்ததில் லேசாக விழும்.
மனுவைத் திருப்பிப் பார்த்தேன்.
மாண்புமிகு நீதிபதி அவர்கள் சமூகத்திற்கு
என்ற வரிக்கு அடியில், சாம்பல் நிறத்தில்
இந்திராணியின் நெற்றி.

செல்லுமா, என்றாள் அந்தத் தாய்.
வேறொன்று எடுக்கலாம். அதிலும் விழும்.
செல்லும் என்றேன்.
காசை எண்ணாமல் வைத்துவிட்டுப் போனாள்.
எண்ணிப் பார்த்தேன்.
இரண்டு ரூபாய் அதிகம் இருந்தது.