இரண்டாவது படுக்கை

பெரியது பத்தரை மீட்டர்.
சின்னது ஏழே முக்கால்.
வெஸ்டரோலனில் ஜனவரி, மதியம் ஒரு மணி.
வானம் கத்தரிப்பூ நிறம்வரை வந்து
மனம் மாறித் திரும்பிக்கொண்டிருந்தது.

பெரிய படகின் எஞ்சினை ஐலெர்ட்
கடன்காரன் சொல்லும் காரணத்தைக் கேட்பதுபோல்
தலையைச் சாய்த்துக் கேட்டான்.
ஒன்பதாயிரம் மணி நேரம் ஓடியதாம்.
தூண்டில் எந்திரங்கள் நான்கு, அதில் ஒன்று ஊமை.
அணியத்துக்குக் கீழே இரண்டு படுக்கைகள்.
ஒன்றின் மெத்தை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்.

உறையைத் தொட்டுப் பார்த்தேன்.
"அதில் கயிறு போடலாம்" என்றான்.

சின்னது பாலத்துக்கு அந்தப்புறம்.
ஆறுதல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.
எங்கள் எழுத்தில் நடுவே ஒரு குறுக்குக் கோடு வரும்.
அது உப்பில் உரிந்துபோய்
ஆறுதல் இப்போது ஏதோ பாட்டுப் பறவையின் பெயர்.
விற்கிற ஓட்னி எதையும் புகழவில்லை.
"ஒழுகும். எங்கே என்று தெரியும்" என்றாள்.

ஓட்டும் அறைக்குள் ஐலெர்ட் நுழைந்தான்.
அத்துடன் அறை நிறைந்தது.
உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது:
"ஒருத்தனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி!"
நான் வெளியே, கையுறையோடு,
எதைப் பிடித்துக்கொள்வதென்று தேடிக்கொண்டு.

அகலக்கால் வைக்கக் கூடாது, என்றான் காரில்.
வங்கித் தாளைத் தொடையில் விரித்து
கணக்குச் சொன்னேன்:
டீசல், காப்பீடு, ஐஸ், மார்ச்சில் காட் மீன் போகும் விலை.
எல்லாம் பெரிய படகுக்கே வந்து நின்றது.
கொஞ்சம் நானும் தள்ளிவிட்டேன்.
பத்தொன்பது வருடம் ஆலையில் நின்று
அடுத்தவர் பிடித்ததற்கு முள் எடுத்தவள்.
கணக்கு எப்படி வளையும் என்று தெரியும்.

சுரங்கப்பாதைக்குள் போனதும்,
அங்கே முகம் தெரியாது என்பதால், சொன்னேன்:
"அந்த இரண்டாவது படுக்கை யாருக்கென்று
நீ கேட்கவே இல்லை."

சுரங்கம் முடிந்தது.
ஓர் ஆட்டுப்பட்டி. ஒரு பெட்ரோல் பங்க்.
"உனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதே" என்றான்.
"ஒரே ஒரு தடவை. அன்று கெட்டுப்போனது
கடல் இல்லை, இறால் சாண்ட்விச்."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
வைப்பரைப் போட்டான். மழையே இல்லை.

மறுநாள் காலை பெரிய படகுக்காரருக்கு
அவனேதான் போன் செய்தான்.
போட்ஸ்ஃபியூரிலிருந்து யாரோ
இரவே முன்பணம் அனுப்பிவிட்டார்களாம்.
"சரி" என்றான். கொஞ்சம் கழித்து இன்னொரு "சரி."
நான் பாத்திரம் தேய்த்தேன்,
தேய்த்த பாத்திரத்தையே.

ஓட்னியின் படகு எங்களுடையதானது.
அந்த வாரம் ஒருநாள்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் வந்து டேப்பால் என் இடுப்பை அளந்தான்.
"என்ன?"
"ஒன்றுமில்லை. நாற்பத்தொன்று."

ஒரு பலகை, இரண்டு கீல், நாலு திருகாணி.
மடக்கினால் சுவர், இறக்கினால் இருக்கை.
இறக்கினால் கதவு மூடாது.
அதை மட்டும் அவன் அளக்கவில்லை.

பிப்ரவரி. மைனஸ் ஆறு.
கதவைத் திறந்துபோட்டுக்கொண்டே போகிறோம்.
டீசல் வாடையும் பனியும்
முறை வைத்து உள்ளே வருகின்றன.
ஒழுகும் இடத்தின்மேல் என் பூட்ஸ்.
"காலைக் கொஞ்சம் எடு" என்கிறான்,
"பாதியாவது சாத்தலாம்."

எடுக்கவில்லை.