ஹிராய்

பெர்கனில் அன்றும் மழை.
ஜன்னலுக்கு வெளியே மலையைக் காணோம்,
ஈய நிறத்தில் ஒரு சுவர் மட்டும்.

அறையில் மூன்று நாற்காலி.
ஒன்றில் ஆய்வாளர் இங்வில்ட்.
ஒன்றில் அப்ரெஹெத், ஈரக் கோட்டைக் கழற்றவில்லை.
நடுவே நான்,
மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் வாய்.
சொன்னதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே.
இந்தத் தொழிலில் இதற்கு மேல் வேதமில்லை.

ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம்.
ஐந்து குழாய் ரத்தம் எடுப்போம்,
பதினைந்து ஆண்டு உறைபெட்டியில் வைப்போம்,
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை.
நான் திக்ரிஞாவில் சொல்லச் சொல்ல
ஒவ்வொரு பத்திக்கும் அவள்
ஹிராய் என்றாள்.
ஒவ்வொரு ஹிராய்க்கும் இங்வில்ட்
ஒரு டிக் போட்டாள்.

ஹிராய் என்றால் சரி.
அகராதியில் அவ்வளவுதான்.
ஆனால் ஒரு சரிக்குள் எத்தனை சரி.
சரி, காதில் விழுந்தது.
சரி, மேலே சொல்.
சரி, நீங்கள் பெரிய இடம், நான் என்ன சொல்ல.
சரி சரி, ஆளை விடு.
எல்லையில் சீருடைக்காரன் கேட்டபோது ஹிராய்.
லிபியாவில் கிடங்குக்காரன் போனை நீட்டி
வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழு என்றபோதும்
ஹிராய்.
இது அவள் சொன்ன கதையல்ல.
என்னுடையது.

கடைசிப் பக்கம்.
"இங்கே கையெழுத்து.
இல்லாவிட்டால் பெருவிரல் ரேகை போதும்."
விருந்தாளியின் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்துகிற பரிவோடு
இங்வில்ட் மைப்பெட்டியை நகர்த்தினாள்.

அப்ரெஹெத்தின் கை மேசைக்கு அடியில் போயிற்று.
அந்த விரல்களை முன்பே கவனித்திருந்தேன்.
நுனியெல்லாம் மழமழவென்று,
கரைந்த சோப்பு மாதிரி.
கரையிறங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று
அடுப்புத் தகட்டில் ரேகையைத் தீய்த்தவர்கள்
எங்களில் உண்டு.

"ஹிராய்" என்றாள்,
கையை வெளியே எடுக்காமல்.

நான் மொழிபெயர்க்கவில்லை.
இங்வில்ட் என்னைப் பார்த்தாள்.
"இது பன்னிரண்டாவது ஹிராய்" என்றேன், என் சொந்த வாயால்.
"இதில் ஒன்றுகூட ஆமாம் இல்லை என்று நினைக்கிறேன்.
நான் இதைச் சொல்லக் கூடாது.
புகார் எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள்."
பிறகு திரும்பி, சொன்னது அத்தனையையும்
அப்ரெஹெத்திடம் திக்ரிஞாவில் சொன்னேன்.

இங்வில்ட்டின் கழுத்து சிவந்தது.
அறுபது பேர் வேண்டும் அவளுக்கு.
சேர்ந்திருப்பது இருபத்திரண்டு.
பேனாவை மூடினாள்.
ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் பொட்டை அணைத்தாள்.
"அவங்களுக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

வெகுநேரம் மழை மட்டும் பேசிற்று.

அப்ரெஹெத் பையிலிருந்து ஒரு துண்டறிக்கை எடுத்தாள்.
நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்தது.
உங்கள் உடலில் காசநோய் உறங்குகிறது என்று
நார்வேக்காரர்கள் எழுதியது
எங்கள் மொழியில் வந்து விழுந்தபோது
'உறக்கத்தில் வரும் காசநோய்' ஆகியிருந்தது.

"ஒன்பது ராத்திரியா உக்காந்தே இருக்கேன்.
தூங்கினாத்தானே வரும்?"

அதை நார்வேஜியனில் சொல்லி முடிக்க
இரண்டு முறை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது.

"தூங்குறது நோய்தான், நீங்க இல்ல" என்றாள் இங்வில்ட்.
"நீங்க தாராளமா தூங்கலாம். மாத்திரை இருக்கு.
இப்ப யாருக்கும் உங்ககிட்டேர்ந்து ஒட்டாது."
"ஆராய்ச்சிக்கு வரலேன்னாலும் மாத்திரை உண்டா?"
"உண்டு."
நான்காம் பக்கத்தில் இருந்ததுதான்.
நான் படித்துக்காட்டியதுதான்.
அவள் ஹிராய் சொன்னதுதான்.

அப்ரெஹெத் மைப்பெட்டியைத் தானே மூடி
மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினாள்.
"வேண்டாம். அந்தப் பெட்டி ரொம்பக் குளிரா இருக்கும்."
கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன்.

டிராமில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.
அடுத்த நிறுத்தத்துக்குள்
தலை கண்ணாடியில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது.
நெஸ்துன் வந்தது, அவள் இறங்க வேண்டிய இடம்.
கதவு திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டது.
நான் எழுப்பவில்லை.
கடைசி நிறுத்தம் வரை போகட்டும் என்று விட்டேன்.

அதற்கு அவளிடம்
ஒப்புதல் கேட்கவில்லை.