ஐம்பது நிமிடம்

முப்பத்தொரு ஆண்டுகள்
என் மதியச் சோறு
முந்தைய நாளைவிட ஐம்பது நிமிடம் பிந்தியே வந்தது.
கடல் வற்றும் நேரம்தான் எனக்குக் கடிகாரம்.

குக்ஸ்ஹாஃபென் கரையிலிருந்து நொய்வெர்க் தீவுக்குச்
சேற்றில் பத்துக் கிலோமீட்டர்.
சப்பாத்தைக் கழற்ற வேண்டாம், சிப்பி வெட்டும் என்பேன்.
கழற்றுவார்கள்.
வெட்டும்.
பிளாஸ்டர் எப்போதும் இடப்பக்கப் பையில்.

ஒருமுறை பாதி வழியில் மூடுபனி.
பதினேழு பேர், ஒரே கயிறு.
கணக்கு வாத்தியார் ஒருவர் அழுதார்.
திசைகாட்டியைப் பார்ப்பதுபோல் குனிந்து
நானும் கொஞ்சம்.
கணுக்காலில் தண்ணீர் ஏறியபோதுதான்
கரையின் நாய் குரைத்தது.

நேற்றுக் கடைசி நடை.
விசிலையும் கயிற்றையும் வீப்கேயிடம் ஒப்படைத்துக்
கையெழுத்திட்டேன்.
வயர்லெஸ்ஸில் சார்ஜ் குறைவு என்று
அதையும் குறித்துக்கொண்டாள்.
பேச்செல்லாம் வேண்டாமென்றதால்
ஆப்பிள் கேக் மட்டும்.

இன்று பன்னிரண்டு அடிக்கும்போதே
பவளராணி கோப்பையை வைத்தாள்.
பசிக்கவில்லை.
ஜன்னலுக்கு அப்பால் ஓதம் பாதிதான் இறங்கியிருந்தது;
இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றது வயிறு.

"இனி ஒவ்வொரு நாளும் பன்னிரண்டுக்கேவா?"

சொதியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"முப்பத்தொரு வருசமும் நான்
பன்னெண்டுக்குத்தான் சாப்பிட்டனான்."

எதிர்க் கதிரையை இழுத்தேன்.
அதன் கால்கள் தரையில் கீறிய சத்தம்
எனக்குப் புதிது.