உண்ணி

திருவனந்தபுரத்தில் வைத்த பெயர்.
அங்கே உண்ணி என்றால் குழந்தை.
களியக்காவிளை தாண்டினால்
நாய்க்காதில் ஒட்டி ரத்தம் குடிப்பது.
அட்டையில் பெயர் எழுதவந்த கம்பவுண்டர்
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
எழுதுங்கள் என்றேன்.
இரண்டு அர்த்தமும் சரிதான் என்று
பிறகு தெரிந்தது.

வாங்கி வந்தது ஜெல்பின்.
லீவு தீர்ந்ததும் கப்பலுக்குப் போய்விட்டார்.
மூன்று மாதக் குட்டி, பதினாறு கிலோ.
வீட்டில் ஏற்கெனவே பிச்சி.
ஆறு வயது, நான்கரை கிலோ,
மழையில் நனைந்தால் நான்கே முக்கால்.

சனிக்கிழமைதோறும்
ஷீட் கடை ஞானதாஸின் தராசில் நிறுத்துவேன்,
ஒட்டுப்பால் சாக்கு அப்போதுதான் இறங்கிய தட்டில்.
அவர் நோட்டில் எங்களுக்கென்று ஒரு பக்கம்:
பத்தொன்பது. இருபத்திரண்டு. இருபத்தைந்தரை.
"ரப்பர் வெல இப்பிடி ஏறினா
நானும் ஒண்ணு வாங்குவேன்."

டாக்டர் பிந்து சொன்னதெல்லாம் வேண்டாம்கள்தான்.
கால்சியம் குடுக்காண்டாம்.
மாடிப்படி ஏத்தாண்டாம்.
சீக்கிரம் வளரவிடாண்டாம், கேட்டியளா,
எலும்புக்கு நேரம் வேணும்.
மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து ரோஸ்லெட்:
"பட்டினி போடுதியா பிள்ளே?
விலா எண்ணலாம் போல இருக்கே."

டைல்ஸ் தரையில் அவன் கால் நான்கும்
நான்கு ஊருக்குப் போகப் பார்த்தன.
விற்காத ஷீட்டுகளை விரித்துப் போட்டேன்.
படுக்கையறை வரை புகைப்புரை வாசனை.

மரச்சீனியும் சாளையும் வேகும்போதே வந்துவிடுவான்.
ஆனாலும் பிச்சிக்குத்தான் முதல் தட்டு.
அவள் தின்று முடிக்கும்வரை
படிக்கு அப்பால் நிற்பான்.
எச்சில் மட்டும் உள்ளே வந்துவிடும்.
அவள் உறுமினால் வாஷிங்மெஷினுக்குப் பின்னே ஒளிவான்,
தலையை மட்டும்.
மிச்ச உடம்பும் தன்னுடையதுதான் என்று
அவனுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.
ஏத்தங்காய் பெட்டியில் அவள் படுக்கை.
ஒருநாள் அதிலேயே படுத்தான்.
பெட்டி போனது.
கிழிந்த அட்டைமேல் அவன்,
அவன்மேல் அவள்.

ஐந்தாம் மாதம். முப்பத்தாறு கிலோ.
ஆனி மழை.
பின்வளவில் சக்கை ஒன்று பழுத்து விழுந்த சத்தம்.
அதுதான், வேறொன்றுமில்லை.
அவன் துள்ளினான்.
கீழே அவள் இருந்தாள்.

குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் வரை
ஆட்டோவில், துவர்த்தில் சுற்றி, மடியில்.
பின்னால் ஓடிவந்தவன்
வளைவில் நின்றுவிட்டான்.
என் சுண்டுவிரல் கனமுள்ள காலுக்கு
மாவுக்கட்டு, ஐந்து வாரம்.

நடுவில் கம்பிக்கதவு அடைத்தேன்.
அதன் அடியில் மூக்கை நீட்டிப் படுத்திருந்தான்,
தின்னாமல், ஒரு பகலும் பாதி ராத்திரியும்.
டொக் டொக்கென்று அவள் நடந்து வந்தாள்.
மூக்கில் ஒரு கடி.
அளந்து கடித்தாள், ரத்தம் வராத அளவு.
பிறகு அங்கேயே சாய்ந்துகொண்டாள்.

அதன்பின் அவன் படுத்துத்தான் விளையாடுகிறான்.
முதலில் தென்னை சாய்வதுபோல ஒரு சாய்வு,
பிறகு ஒற்றைப் பாதம்,
அதுவும் தரையோடு.
நான் சொல்லித் தந்ததில்லை.
எனக்குச் சொல்லவும் தெரியாது.

கட்டுப் பிரித்த அன்று
கைகழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார்:
"பெரிய இனம் பாத்தியளா, ஏழு, எட்டு வருசம்.
இவ பதினஞ்சு தாண்டுவா."
ஆட்டோவில் விரல்மடக்கிப் பார்த்தேன்.
பாலம் இறங்கும்வரை பார்த்தேன்.
பிச்சி ஜன்னல் காற்றுக்கு
மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெல்பினிடம் சொல்லவில்லை.
ராத்திரி வீடியோவில் கேட்டார்,
ரெண்டும் ஒத்துப்போகுதா?
போனைத் திருப்பினேன்.
ஒரு முட்டி தெரிந்தது. கொஞ்சம் வயிறு.
திரைக்குள் அவன் அடங்கவில்லை.
கடைசியில் காது,
காதுக்குள் பாதி புதைந்த பிச்சியின் முகம்.

"என்ன செய்யுது அது?"

"உண்ணி பாக்குது."

"எந்த உண்ணி?" என்றார்,
அதற்குள் நெட் போய்விட்டது.